ஹப்ஸாவின் வாய்

“கேற்றப் பூட்டுங்க. சாவியக் கழட்டி சட்டைப் பையில போடுங்க. போட்டாச்சா? இப்ப மோட்டர் சைக்கிள எடுங்க.”

நடுத்தெருவில் நின்று ஹப்ஸா ஏவ, அவள் புருஷன் பளீல் ஒவ்வொன்றாகச் செய்தான். பார்த்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அன்று பின்னேரமே அவள் நெஞ்சு வலித்து மௌத்தாகிப் போனாள்.

இறந்தவளுக்காக ஓதிய கத்தத்துக்கு வந்த அடுத்த வீட்டு நஸீர் காக்கா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

“சம்மாந்துறையிலிருந்து வந்த மாப்பிள்ளைய சின்னப்புள்ள மாதிரி ஆட்டி வெச்சவள். அல்லாஹ் அவள மன்னிக்கட்டும். இப்ப பாருங்க, கவலையில மனுசனுக்கு ஒரு வேலையும் ஒழுங்கா ஓடுதில்ல.”

பளீல் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான்.

“கவலையில இல்ல காக்கா. சின்ன வயசிலிருந்தே நான் இப்படித்தான். ஒரு வேலையத் தொடங்கினா அடுத்தது என்னெண்டு மண்டையில நிக்காது. வேலைய வரிசையா அடுக்குறதுலதான் மூளைக்குக் குறை எண்டு டொக்டரும் சொன்னார். வெளியில சொல்லுவம் எண்டன். அவதான் விடல்ல. ‘புருஷனுக்கு ஏலாதெண்டு ஊர் சொல்றத விட, பொண்டாட்டி வாய்க்காரி எண்டு சொல்லட்டும்’ எண்டா.”

நஸீர் காக்கா அவன் தோளைத் தட்டினார்.

“மௌத்தானவள விட்டுக்குடுக்க மனசில்லாம பழிய உன் தலையில போடுறாய். அவளுக்கு நீ தேவைக்கு மேல நல்ல புருஷன்டா தம்பி.”

மற்றவர்களும் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகும் சாவி கேற்றிலேயே தொங்கியது. முன்பும் அவள் பக்கத்தில் நின்று சொல்லாத நாளில் அது அங்கேதான் தொங்கும். ஊர் காணுமுன் ஹப்ஸா கழற்றிவிடுவாள்.