குவைத்திலிருந்து வந்த பெட்டி

மாதா கோயிலுக்கு அடியில், பழைய சாமியார்களை அடக்கம் செய்த நிலவறையில் கலைக் கண்காட்சி நடக்கிறது. கல்லறைகளுக்கு நடுவே, ஒற்றை பல்பின் வெளிச்சத்தில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள், குவைத்தில் இறந்த லூர்துராஜின் உடலோடு வந்த துணிமணி. கட்டிலுக்கடியில் மூன்று வருஷம் யாரும் பிரிக்காமல் கிடந்ததை, அவன் தங்கை பிரின்சி தன் படைப்பாக இங்கே வைத்திருக்கிறாள். முடிச்சில் வீட்டு ஒட்டடைகூட அப்படியே இருக்கிறது. மேலே கோயிலில் யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள். அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் வந்த பிரின்சியின் அம்மா சவரியம்மாள், காவலுக்கு நிற்கும் பெண்ணிடம், "தொட்டுப் பாக்கலாங்களா?" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இவள் யாரென்று தெரியாது. "தொடக்கூடாதும்மா. பாத்துட்டு அங்கிட்டுப் போங்க." தூணருகே நிற்கும் பிரின்சி தரையைப் பார்க்கிறாள். "சரிங்க" என்று சவரியம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, அடுத்த படத்தின் முன்னால் போய் நிற்கிறாள்.