ஐந்தாவது வரி

ஷா ஆலம் தொழிற்கல்லூரி மாலை வகுப்பில், இன்றைய தேர்வு எனக்குக் கடைசி வாய்ப்பு. நான்கு மோட்டார்கள் ஓர் இரும்புத் தட்டைத் தூக்கிப் பிடிக்கும். ஒன்று பழுதானால் மற்றவை பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி கணினி நிரல் எழுத வேண்டும். முந்தைய இரண்டு தேர்வுகளிலும் தட்டு விழுந்துவிட்டது.

ஆசிரியர் தம்புசாமி ஒரு மோட்டாரைக் கழற்றினார். தட்டு அசையவில்லை.

“பாஸ் லா, தம்பி. இந்தத் தடவ தப்பிச்சிட்ட,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மீதி மூன்றையும் கழற்றினேன். தட்டு அங்கேயே நின்றது. திரையில் நான்கு மோட்டார்களுக்கும் பூஜ்யம். அதன் கீழே, நான் எழுதாத ஐந்தாவது வரி: பாரம் நூறு விழுக்காடு, வெப்பம் 36.8 டிகிரி. மனித உடலின் சூடு.

இப்போது 39.4. தட்டு நடுங்குகிறது. அடியில் என் தோளைக் கொடுத்தும் எண் குறையவில்லை.

விழக் கூடாது என்று மட்டுமே எழுதியிருந்தேன். இறக்கி வைக்கும் கட்டளையை எழுதவே இல்லை.