ஊமைப் படம்

படம் வரவில்லை.

திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, இந்த மாதிரி ஃபைலைத் தனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. ஊர்க்கூடத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் பிரியாவை முறைத்தார்கள். கம்ப்யூட்டர் செய்த தப்புக்கும் அவள்தான் பொறுப்பு.

கொடைக்கானலில் ஏதோ ஓட்டல்காரர் வேண்டாமென்று கழித்ததை, ஊருக்குத் தானம் என்று பேர் பண்ணி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. உலகம் அதை விட்டு எங்கோ போய்விட்டது. அதை எழுப்பி உட்கார வைக்கத் தெரிந்தவள் ஊரில் பிரியா ஒருத்திதான். கொடைக்கானலில் பிரவுசிங் சென்டரில் வேலை.

படத்தைக் கொண்டுவந்தவர் அவளுடைய பெரியப்பா திருமலைச்சாமி. குற்றவாளி அவளுடைய அப்பா வேலுச்சாமி.

முறை வைத்துப் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர். அடுத்தவர் முறையில் மடையைத் திறந்தால், அறுவடை வரைக்கும் தண்ணீர் கிடையாது. பூண்டு காய்ந்து போகும். அந்த வருடச் சோறும் போகும்.

தம்பி தன் முறைத் தண்ணீரைத் திருடியதை செல்போனில் பிடித்துவிட்டதாகத் திருமலைச்சாமி வீடு வீடாகச் சொன்னார். சத்தத்தை அமுக்கி வைத்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையை ஆளாளுக்கு நீட்டினார். அதிலும் அவருக்கு வயிறு நிறையவில்லை. தம்பி தலைகுனிவதை மொத்த ஊரும் ஒன்றாக உட்கார்ந்து பெரிதாகப் பார்க்க வேண்டும். அதற்கென்று கொடைக்கானலுக்குப் போய் சி.டி. போட்டு வந்திருந்தார்.

அப்பன் திருடிய படத்தை மகளே ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவு நல்ல மனசு.

பிரியா மறுக்கவில்லை. சபையில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்த சோலியை மட்டும் பார் என்று ஊர்த்தலைவர் பொன்னுச்சாமி அடக்கிவிட்டார். வாசலில் நின்ற பெரியம்மா, போன வாரம் பிரியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன பள்ளங்கி ஊர்க்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

வேலுச்சாமி வெறும் சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பச்சைக் கோட்டு சாட்சியாக மேசைமேல் கிடந்தது. அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாத மனிதர். முதல் கேள்விக்கே நான்தான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரியா பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டாள். அதிலிருந்த புது பிளேயரை இந்தக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பழசு ஒன்றைத் தேடி ஏற்றினாள். அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டாள். அது கனைத்து, யோசித்து, எழுந்து வருவதற்குள் பொன்னுச்சாமி ஒரு பீடியை முடித்துவிட்டார்.

படம் வந்தது.

விடிகாலை மூட்டம். வாய்க்கால். பச்சைக் கோட்டும் குரங்குக் குல்லாவும் போட்ட ஓர் உருவம் குனிந்து, கோட்டுக் கைகளை மேலே மடித்துவிட்டுக்கொண்டு, மடைக் கல்லைப் புரட்டுகிறது. முகம் தெரியவில்லை. உருவம் ஒரு நிமிடம் நிமிர்ந்து காமிராவைப் பார்க்கிறது, மறுபடி குனிகிறது.

கூடம் வேலுச்சாமியைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் காறித் துப்பினார். திருமலைச்சாமியின் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பிரியா பையிலிருந்து இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். திருமலைச்சாமிக்கு நன்றாகவே தெரியும்.

ஒயரைச் சொருகினாள். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. வெறும் இரைச்சல்.

"சத்தம் என்னத்துக்குத்தா? கோட்டு இந்தா கெடக்கு, ஆளு அந்தா உக்காந்திருக்கான். போதும், எந்திரி," என்றார் திருமலைச்சாமி.

அவள் எழுந்திருக்கவில்லை. சத்தத்துக்கு வேறொன்று ஏற்ற வேண்டும் என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். வேலுச்சாமி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அவள் அதையும் மதிக்கவில்லை. அப்பா மேலேயும் அவளுக்குக் கோபம்தான். பெரியப்பாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

மறுபடி ஒரு சி.டி. மறுபடி அணைத்துப் போட்டாள். திருமலைச்சாமி, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாமே என்று தலைவரிடம் இரண்டு தடவை சொன்னார். இவ்வளவு நேரம் பார்த்தாயிற்று, இதையும் பார்ப்போம் என்றார் பொன்னுச்சாமி.

மூட்டம். வாய்க்கால். பச்சைக் கோட்டு. இந்தத் தடவை தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மடையிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, ஏலே வேலு என்று திருமலைச்சாமியின் குரல் கத்தியது.

உருவம் நிமிர்ந்தது.

"அப்பா இல்ல பெரியப்பா, நாந்தேன் பிரியா. இன்னைக்கு எங்க மொறை. நீங்க அடைச்சு வச்சதத்தேன் தொறக்கேன். நல்லா படம் புடிங்க, ஊருக்கே போட்டுக் காட்டுங்க."

படம் எந்த நாளில் எடுத்தது என்று அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பொன்னுச்சாமி சுவரில் எழுதியிருந்த முறை வரிசையைப் பார்த்தார், பிறகு திருமலைச்சாமியைப் பார்த்தார். வேலுச்சாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெரியப்பாவையே எதிர்த்து நிற்கிற பெண்ணைக் கேட்டுப் பள்ளங்கி இனி வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது; அதற்குப் பயந்துதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரியா மேசைமேல் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. விரல்கள் வெளியே தெரிவதற்குக் கைகளை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது.

பிறகு, பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று, சத்தத்தைக் கூட்டி முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.