கொஞ்சம் உடம்பு சரியில்லை

"அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம்" என்று குபாத் சொன்னதும் டாக்ஸிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைத் தடவிப் பிரார்த்தனையை முடித்தார். கணவாய் ஏறி இறங்கிச் சொந்த ஊரான நாரின் வரும் வரைக்கும் பாட்டைத் திரும்பப் போடவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்வதில்லை. கொஞ்சம் உடம்பு சரியில்லை, வந்துவிட்டுப் போ என்பார்கள். மீதியைக் கேட்பவன் புரிந்துகொள்ள வேண்டும்.

பிழைக்கப் போன மாஸ்கோவில் அவனோடு ஒரே அறையில் படுத்திருந்த ஒன்பது பேருக்கும் புரிந்தது. ஒருவன் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்து அவன் பைக்குள் வைத்தான். வெறுந்தலையோடு போய் அப்பனுக்கு மண் தள்ள முடியுமா?

அக்கா புருல்சா போன் செய்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. எடுத்திருப்பார்களா, தனக்காகக் காத்திருப்பார்களா என்பதுதான் வழி நெடுக அவன் கவலை. ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

பதினொரு வருஷமாக அப்பனும் மகனும் போனில் பேசியதை ஒரு தீப்பெட்டி மேல் எழுதிவிடலாம்.

ஆடுமாடு, ஆளெல்லாம் சௌக்கியமா? சௌக்கியம். அங்கே குளிரா? குளிர்தான். சரி, வை.

அதற்கு மேல் ஒரு வார்த்தை இருவருக்கும் வந்ததில்லை. வந்ததை விழுங்கினார்களோ என்னவோ, அது அவரவருக்கே வெளிச்சம்.

தெருமுனையில் வண்டியிலிருந்து இறங்கினான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். முள்வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டு முற்றம் தெரிந்தது.

கூடாரத்தின் மரச்சட்டங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. கம்பளங்கள் வேலி மேல் விரிந்து கிடந்தன. செத்தவரைக் கிடத்த முற்றத்தில் கூடாரம் போடுவது வழக்கம்.

இன்னும் போட்டு முடிக்கவில்லை. அப்படியென்றால் இன்னும் எடுக்கவில்லை. அவனுக்கு அதில்கூட ஓர் ஆறுதல்.

மகன் அப்பனுக்காகத் தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வர வேண்டும். ஊர் கேட்க வேண்டும். குபாத் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தான். முறைக்காகத் தொடங்கிய அழுகை நாலாவது அடியில் நிஜமாகிவிட்டது.

"நான் சாஞ்ச மலையே! போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னேனே, ஒரு நாளும் நல்லா இல்லையே அப்பா! பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போயி மூணு வருஷமாச்சே! தெருப் பனியைத்தானே தள்ளிக்கிட்டுக் கெடந்தேன்! வான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே, அதுக்குத்தானே ஒவ்வொரு வாரமும் போன் பண்ணேன்!"

பதினொரு வருஷத்துப் பேச்சு பத்து வீட்டுத் தூரத்தில் வந்து விழுந்தது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா ஓடிவந்தாள். மாவு பிசைந்த கையை அப்படியே அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

"வாயை மூடுடா பாவி! உசுரோட இருக்காருடா!"

அப்போதுதான் அவன் அவள் தலையைப் பார்த்தான். பூப்போட்ட முக்காடு. அப்பன் செத்த மகள் கறுப்பு முக்காடு அல்லவா போட்டிருப்பாள்?

உதட்டில் மாவோடு குபாத் சிரித்தான். சின்ன வயதில் ஆட்டுக்குட்டி திரும்பக் கிடைத்தபோது சிரித்த அதே சிரிப்பு. உயிரோடு இருக்கிறார். முகத்தைப் பார்க்கலாம். பேசலாம்.

"உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொன்னியேக்கா..."

"பக்கத்துலயே அவரைப் படுக்க வச்சுக்கிட்டு வேற எப்பிடிடா சொல்லுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. அவள் கண் ஜன்னலுக்குப் போயிற்று. ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைத் திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனார்கள். மெத்தைகளுக்கு நடுவில் அப்பா ஜுமாஷ் கிடந்தார். மலை என்று கதறிக்கொண்டு வந்தானே, போர்வைக்கு வெளியே இருந்தது ஒரு கைப்பிடி முகம்.

கூடாரச் சட்டங்களை அக்கா ஏன் இப்போதே இறக்கி வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது.

தலைமாட்டில் மண்டியிட்டான். கம்பளித் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். தெருவில் அவ்வளவு பேசியவன் வாயில் வந்தது பழைய கேள்விதான்.

"ஆடுமாடு, ஆளெல்லாம் சௌக்கியமாப்பா?"

"சௌக்கியம்" என்றார் அப்பா.

அவன் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"அப்ப இது சளி இல்லையாம்மா?"