பதினொரு மூலிகை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். உள்ளே ஏற்கெனவே மூன்று கிடந்தன. கேஸ் தீர்ந்து நாலு நாள் ஆகிறது.

பிறகு ஜெகதீஷ் கம்ப்யூட்டரைப் போட்டான்.

ஏழு நாற்பதுக்கு பாகலூர் ரோட்டு முனையில் கம்பெனி பஸ் வரும். அதுவரை மனைவி சத்யப்ரியாவின் பைல். ஐந்து மாதமாக இதே வரிசைதான்.

அவள் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் பைல் அது. கையில் வில்லோடு ஒரு பெண் காடு மலையெல்லாம் திரிந்து பூதங்களோடு மோதுவாள். அவளுடைய உயிர், பலம், அம்பு, மூலிகை எல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும். எந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் ஆடித்தான் ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. மாற்றினால் போதும்.

ஜெகதீஷுக்குத் தெரியும். சிப்காட்டில் எந்திரங்களுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவன். இரும்பை எத்தனை மைக்ரான் சீவ வேண்டும் என்பதை எண்ணால் சொல்லியே பழகியவன். அவன் போட்ட எண் இதுவரை பிசகியதில்லை.

பிப்ரவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, அதை அவளுக்குப் பரிசாகச் செய்தான்.

எட்டு மாதம் ஆடியவள். ஒரு குகை வாசலில் மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்து இருபத்து நான்கு எண்களையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டான். கம்பெனியில் ஒரு வரியைத் திருத்துவதென்றாலும் முதலில் பழையதை நகல் எடுத்து வைப்பவன், வீட்டில் எடுக்கவில்லை. விளையாட்டுதானே.

அவள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் லேபில் இருந்தாள். அங்கே ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு. பக்கத்தில் புது எண், கையெழுத்து, தேதி. அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும்.

தலையைத் துவட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவள் கேட்டாள்.

"எட்டு மாசம் நான் ஆடுனது இதுல எங்கங்க இருக்கு?"

"ஜெயிக்கத்தானே ஆடற?" என்றான்.

அன்று ராத்திரி அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பினாள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே, ஒரு லாரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து எண்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஊகித்து ஒன்றும் போடவில்லை. அது அவன் தொழிலில் கிடையாது. பலம் எவ்வளவு என்பது, அவள் தன் தங்கைக்குப் பீற்றிக்கொண்டு அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸில் இருந்தது. பலம் தெரிந்தால் உயிரைக் கணக்கிட்டுவிடலாம். அம்பு, காலண்டர் தாளின் பின்புறம். இப்படியே இருபத்து மூன்று எண்களைப் பிடித்துவிட்டான்.

மூலிகை மட்டும் பாக்கி. அது இன்னும் அவன் போட்ட தொண்ணூற்றொன்பதாகவே நின்றது.

கிடைத்துவிடும். எழுதி வைக்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

ஏழு மணிக்கு கேஸ்காரர் கரியப்பன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு சிலிண்டர அஞ்சு மாசம் ஓட்டியிருக்கீங்களே சார். கேஸ்ல சமைக்கிறீங்களா, வெயில்லயா?"

டீ மட்டும் போடுகிறவனுக்கு அவ்வளவு நாள் வரும். தீர்ந்துபோனது அவள் மாட்டிய சிலிண்டர். அதன் பிறகு கேஸ் புக்கை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. அடுக்களை அலமாரியில் விரித்திருந்த தாளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

கரியப்பன் தேதி போட்டார். திருப்பிப் பார்த்தார்.

"பின்னட்டையில என்ன சார் இது கிறுக்கல்? எங்காபீஸ்ல பாத்தா என்னையத்தான் கேப்பாங்க."

ஜெகதீஷ் வாங்கிப் பார்த்தான்.

மூலிகை. 19, குறுக்கே கோடு, கையெழுத்து. 16, குறுக்கே கோடு, கையெழுத்து. 11. அதன் மேல் கோடு இல்லை. பக்கத்தில் தேதி, 18-2-06. அவன் கை வைத்ததற்கு முந்தைய நாள்.

அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஹாலுக்கும் அடுக்களைக்கும் ஓடி ஓடி ஆடியிருக்கிறாள்.

கரியப்பன் போனதும் உட்கார்ந்தான். முதலில் நகல் எடுத்தான். பிறகு பைலில் மூலிகை இருக்கும் இடத்துக்குப் போனான். 63 என்று இருந்தது. கம்ப்யூட்டர் தொண்ணூற்றொன்பதை அப்படித்தான் எழுதும். அதன் மேல் 0B என்று அடித்தான். பதினொன்று.

விளையாட்டைத் திறந்து பார்த்தான். வில்காரி குகை வாசலில் நின்றாள், தோற்கக்கூடியவளாக. அவள் பையைத் திறந்து மூலிகைகளை எண்ணினான். சரியாக இருந்தது. ஆடவில்லை. மூடினான்.

ஏழரைக்கு போன் வந்தது. மத்தூரிலிருந்து மாமியார் பார்வதி. தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார். சாப்பாட்டை விசாரிப்பார். பிறகு அந்தக் கேள்வி.

"கெளம்பறப்ப கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

"அம்மாவ பாத்துக்கங்கன்னு சொன்னா அத்தை."

முதல் நாள் சொன்னதைத்தான் இன்றும் சொன்னான். ஒரு சொல் மாறவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை வைத்தான். பையை எடுத்தான். வாசலில் ஷூவை மாட்டினான்.

அன்றைக்கு அவளும் இதே இடத்தில் நின்றுதான் செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏங்க, பழைய நம்பரெல்லாம் அப்படியே போட்டு வைங்க. சாயங்காலம் வந்து ஒண்ணொண்ணா சரி பாப்பேன்."