ஆளில்லாத வீதி

ஜப்பானியக் கோட்டை நகரத்தின் வாசலில் ஆளுக்கொரு கண்ணாடி தந்தார்கள். போட்டுக்கொண்டால் கூட்டமும் அதன் இரைச்சலும் மறைந்துவிடும்; நாம் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் தெரிவார்கள், அவர்கள் குரல் மட்டும் கேட்கும். தமயந்தி கணவர் பெயரைக் கொடுத்தாள்.

“நானும் உன் பேரக் குடுத்துட்டேன்” என்றார் ராஜகணபதி.

மாலையில் அகழிப் பாலத்தில் அவரைக் கூப்பிட்டாள். “ஏனுங்க, அஞ்சு மணி ரயிலுக்கு நேரமாச்சுங்க!”

அவர் திரும்பவில்லை. பதறி ஓடி எதிரே நின்று கையை ஆட்டினாள். அவளை இடித்துவிட்டு, யாரோ என்று ‘சாரி’ சொல்லி விலகி நடந்தார்.

கண்ணாடியைக் கழற்றினாள். நெருக்கியடித்த கூட்டத்தில் அவரைக் காணவில்லை. மறுபடி போட்டாள்.

வெறிச்சோடிய வீதியில் அவர் மட்டும் கைவீசி நடந்துகொண்டிருந்தார்.

“அப்பாடா!” என்று அவர் தனக்குத்தானே சொன்னது, அத்தனை கூட்டத்தில் அவளுக்கு மட்டும் துல்லியமாகக் கேட்டது.