என் முன் தோன்றி

காணொளியில் தெரிகிறவர் நேரில் தோன்றியவராகவே கருதப்படுவார் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்த பிறகு, நோட்டரி பரிமளா யாரையும் நேரில் பார்த்ததில்லை. இன்று திரையில் செங்கமலம் என்கிற வயதான பெண் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் துணி முடிச்சிடப்பட்டிருந்தது.

"பல்வலி மேடம். பேச முடியல," என்றான் கைபேசியைப் பிடித்திருந்த மகன்.

"தலையாட்டினா போதும். அம்மா, வீட்ட விக்க உங்க மகனுக்குப் பவர் குடுக்கறது உங்க சொந்த விருப்பம்தானே?"

தலையணை அசைந்தது. தலையும் அசைந்தது. அவளுடைய இடது பெருவிரலில் மை தடவி, பத்திரத்தில் அவனே ஒற்றி எடுத்தான். 'சுயநினைவோடு என் முன் தோன்றி' என்ற சான்று வாசகம் தயாராக இருந்தது. முத்திரைதான் பாக்கி.

"உங்களத் தவிர ரூம்ல யாரும் இருக்கக் கூடாது. ஒரு தடவ சுத்திக் காட்டுங்க."

கதவு, பீரோ, ஜன்னல் என்று படம் நகர்ந்தது. கட்டிலின் கால்மாட்டைக் கடந்தபோது பரிமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கால் கட்டைவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. பரிமளாவின் அப்பாவைக் கிடத்தியபோதும் இப்படித்தான் கட்டினார்கள்.

"கால்ல என்ன கட்டு?"

"ஒரு நிமிஷம் மேடம்."

திரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. ஒரு பெண் விசும்பும் சத்தமும், "வாய மூடு" என்று அவன் அதட்டுவதும் கேட்டன. பிறகு கால்கள் மறுபடி வந்தன. கட்டு இல்லை. விரல்கள் மட்டும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை.

"இப்ப சரியா மேடம்?"